பையைத் திருப்பிப் பார்

பாலக்கரை, திருச்சி
ஜூலை 9

அன்பு மகள் இர்பானாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் காலுறையைப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அல்லாஹ் உங்களை அப்படியே வைத்திருக்கட்டும். என் சுகத்துக்கு இங்கே குறைவில்லை. பிரஷர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, தெருக்கோடியில் வருகிறவர் யார் என்று தெரிகிறது, உன் தம்பி மனைவி சுராயா போடும் தையல் எந்த இடத்தில் கோணுகிறது என்பதும் தெரிகிறது. இரண்டாவது தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம். மறுநாள் சுராயாவிடம் அம்மாவுக்கு என்ன கோபம் என்று விசாரித்தாயாம், அவள் என்னிடம் வந்து, லாத்தா கேக்குறாங்க மாமி, என்ன சொல்லட்டும் என்று நிற்கிறாள். டவர் இல்லை என்று சொல் என்றேன். காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். என் போன் என்னுடையது என்று பெயர்தானே தவிர, வருகிற மெசேஜைப் படித்துச் சொல்வது அவள், பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்காருவதும் அவள். ஆகவே போனில் பேச வழியில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளது அவள் கண்ணில் படக்கூடாது, காதிலும் விழக்கூடாது. இதைப் போட்டோ எடுத்து நஸ்ருல்லாவுக்கு அனுப்பிவைக்காதே. சவுதியில் தம்மாமில் இருந்தாலும் உன் தம்பி ஒரு ரகசியத்தை ராத்திரி வரை வைத்திருந்த ஆள் கிடையாது. போன வருஷம் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போன பிறகு சுராயா எப்படிக் கிடந்தாள் என்று நீயும் போனில் பார்த்தாய். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே கட்டிலில் மாதக்கணக்கில். நான் எழுதப்போவது அவளுக்குத் தெரிந்தால் அவள் மறுபடி அந்தக் கட்டிலுக்கே போய்விடுவாள், இந்த முறை யாரும் எழுப்ப முடியாது. அவளைப் பற்றி நான் இதில் என்ன எழுதினாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படி.

நடந்ததற்கெல்லாம் முதல் காரணம் நீதான். அவளுக்கு மனதுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று தையல் மிஷின் வாங்கி அனுப்பினாய். கஞ்சிக்கு எழுந்திருக்காதவள் மிஷினுக்கா எழுந்திருக்கப் போகிறாள் என்று நான் அன்றைக்குச் சொன்னேன். நான் சொன்னது பொய்த்துப்போனது, எழுந்தாள். எழுந்ததோடு நிறுத்தியிருக்கலாம். போனில் ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு, ஹாய் பிரெண்ட்ஸ், வீட்ல இருக்கிற துணியை வச்சு அஞ்சே நிமிஷத்துல ஒரு அழகான கிஃப்ட் செய்யலாமா என்று கேட்கிறாள், இவளும் சரி என்று தலையாட்டுகிறாள். ஐந்து நிமிஷத்தில் செய்ததை ஒருவர் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் கிஃப்ட் இல்லை, அவமரியாதை. அன்றிலிருந்து வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் ஊசி. சுருக்குப் பை, கண்ணாடிக்கு உறை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, புத்தகத்தில் அடையாளம் வைக்க ஒரு பட்டை, ஒரு முயல். முயல் என்று அவள் சொன்னதால் முயல். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டுகிறாள், முதல் துவைப்பிலேயே பை ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. இஸ்திரி போடாமல் மடிக்கிறாள். நூலை இழுத்துப் பிடிக்காமல் விட்டு அடிக்கிறாள். இது ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது என்று கேட்டால், ஹேண்ட்மேட்னா அப்படித்தான் மாமி இருக்கும், அதான் அதுக்கு அழகு என்று பதில் வருகிறது. எனக்கு இருப்பதும் கைதான் இர்பானா, என் கையால் தைத்தது எதுவும் கோணியதில்லை.

கான்வென்டில் எங்களுக்கு ஊசிவேலை சொல்லிக்கொடுத்த சிஸ்டர் யூலாலியா துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்கியதும் திருப்பிப் போடுவார். பின்பக்கம் ஒரு முடிச்சு தெரிந்தால் பேச்சே கிடையாது, கத்திரிக்கோலை எடுத்து மொத்தத் தையலையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. கடையில் ஜாக்கெட் வாங்கினாலும் கல்யாண வீட்டில் கைக்குட்டை கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பேன். இதை உன் அத்தா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார், இவளிடம் மாப்பிள்ளையைக் காட்டினால் அவனையும் திருப்பிப் பார்ப்பாள் என்பார். இப்போது பாடம் நடத்துகிறவர்கள் வேறு ரகம். சுராயா சனிக்கிழமை தோறும் போகிறாளே, தில்லைநகரில் பெலிண்டா என்று ஒருத்தி வீட்டு ஹாலில் கிளாஸ் எடுக்கிறாள், ஒரு நாள் இவளைக் கூப்பிட நானே போயிருந்தேன். எட்டுப் பத்துப் பெண்கள், ஆளுக்கு ஒரு பசைத் துப்பாக்கி. தையல் வகுப்பில் பசை எதற்கம்மா என்று கேட்டேன். ஓரத்தைப் பசை வச்சு ஒட்டிட்டா டைம் மிச்சம் ஆன்ட்டி, மேல லைனிங் குடுத்துட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது என்றாள். தெரியாது என்பதற்காகவே ஒரு வேலையைச் செய்கிறார்கள், அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை, கேட்டுக்கொள்ள ஒரு வகுப்பு. அன்றிலிருந்து சுராயா எதை எடுத்தாலும் உள்ளே லைனிங். கைக்குட்டைக்கும் லைனிங் கேட்பாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்து வேதவல்லியை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு கான்வென்டில் படித்தவள், உன் கல்யாணத்துக்கு வந்து பிரியாணிப் பக்கம் திரும்பாமல் ஐஸ்கிரீம் மட்டும் நான்கு சாப்பிட்டுப் போனவள். ஊசிவேலையில் என்றைக்கும் என் பின்னால்தான் நின்றாள், பட்டன் துளையே அவளுக்கு வராது. ஏப்ரலில் என்னைப் பார்க்க வந்தவள் கண்ணில் இந்தப் பைகள் பட்டுவிட்டன. ஜானு, என்னடி இது, உன் மாட்டுப்பொண்ணா தச்சா, எவ்வளவு நன்னா இருக்கு என்று கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சுகிறாள். கண் ஆபரேஷன் எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. பேரனுக்குப் பூணூல் வைத்திருக்கிறாளாம், வருகிறவர்களுக்குத் தாம்பூலம் போட்டுக்கொடுக்க இப்படியே துணிப் பை வேண்டுமாம், பிளாஸ்டிக் கொடுத்தால் அவள் மருமகள் முகத்தைச் சுளிக்கிறாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் சுராயா, செஞ்சுடலாம் ஆன்ட்டி என்றுவிட்டாள். வேதவல்லி போன பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது தெருவில் விற்கிற சாமான் இல்லை, என் சினேகிதி வீட்டு விசேஷம், அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள், என் வீட்டிலிருந்து போகிற பை உள்ளும் புறமும் ஒழுங்காக இருக்க வேண்டும், நீ வழக்கமாக வைக்கிற மஸ்லின் மாதிரி ஓட்டைத் துணியை உள்ளே வைத்து என் மானத்தை வாங்காதே என்றேன். தலையை ஆட்டினாள்.

மே மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். குனியக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. சுராயா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், நேரத்துக்குச் சொட்டு மருந்து, என் துணிமணியை எடுத்துக் கொடுப்பது, தொழுகைக்கு வுளூ செய்யத் தண்ணீர் எடுத்துத் தருவது, கஞ்சியில் உப்பு ஒன்றைத் தவிர குறை சொல்ல எனக்கு இடம் வைக்கவில்லை. பக்கத்து அறையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில்தான் உன் பெரியம்மா மகன் ஹாலித் ஆக்லாந்துக்குக் கிளம்பினான், சுராயா மசாலாப் பொட்டலத்தோடு ஒரு பையையும் உனக்குக் கொடுத்து அனுப்பினாள். முதலில் தைத்தது லாத்தாவுக்குத்தான் போகணும் என்றாள். வெளியே நீலப் பூப்போட்ட துணி. எனக்கு மங்கலாகத் தெரிந்தது அவ்வளவுதான், உள்ளே பார்க்கக் கண் இல்லை.

ஜூன் கடைசியில் பூணூல். டாக்டர் வெளியே போகலாம் என்று சொல்லியிருந்தார், ஆட்டோ பிடித்துப் போனேன், காவிரியில் தண்ணீர் வந்து பாலத்தில் கூட்டம், எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், தண்ணீரைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. கீழ உத்திர வீதியில் அவள் வீடு முழுக்க ஜனம். பையன் மொட்டைத் தலையும் சிரிப்புமாக நன்றாக இருந்தான், வேதவல்லி ஒன்பது கஜத்தில் கோபுரம் நகர்ந்து வருவது போல வந்துகொண்டிருந்தாள். சாப்பாடு குறை சொல்ல முடியாது. கிளம்பும்போது வாசலில் அவள் மருமகள் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தயக்கம், துலுக்கர் வீட்டு அம்மாள், அதிலும் புருஷன் இல்லாதவள், மஞ்சள் குங்குமத்தோடு பையைக் கொடுக்கலாமா கூடாதா என்று கையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். உள்ளே இருந்து வேதவல்லி, என்னத்துக்குடி முழிக்கறே, கொடு அவளுக்கு, பையே அவாத்துலேந்து வந்ததுதான் என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு, அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் வழக்கப்படி பையைத் திருப்பிப் பார்த்தேன்.

வெள்ளை லைனிங். அடர்த்தியான, ஒழுங்கான நெசவு, ஓட்டைத் துணி இல்லை, பரவாயில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மேல் ஓரத்தை மடித்துத் தைக்கச் சோம்பல்பட்டு, துணியின் கரையையே மேலே வரும்படி வைத்திருந்தாள், பெலிண்டாவின் மாணவி வேறு என்ன செய்வாள். அந்தக் கரையில் ஒற்றைப் பச்சை இழை ஓடியது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் அடியில் கிராம்பு வாசனை.

இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் உன் அத்தாவும் நானும் எங்கள் கஃபனுக்கு, மௌத்தானால் சுற்றி அடக்கம் செய்ய என்று, கரையில் பச்சை இழை ஓடும் வெள்ளைத் துணி ஆளுக்கு ஒன்று வாங்கியது, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து ஹோட்டல் மாடியில் காயவைத்தது, எல்லாம் உன்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். நீ உடனே அழுதாய், நிறுத்து என்றேன். அவர் மௌத்தானபோது அவருடைய துணியில் அவரைச் சுற்றினார்கள், நீ வந்திருந்தாய், பார்த்தாய். அதன் ஜோடி எனக்கு. பீரோவின் அடித்தட்டில் அவர் சட்டை வாங்கிய அட்டைப் பெட்டியில், பூச்சி வராமலிருக்கக் கிராம்பு போட்டு வைத்திருந்தேன். மேலே பெயர் எழுதி ஒட்டவில்லை, என் சாவுக்கு ஒரு சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவது எனக்குப் பிடிக்காது. கஃபனில் தையல் இருக்கக்கூடாது என்பதால் அதன் வெட்டிய முனையைக்கூட மடித்து அடிக்கவில்லை. நான் கைப்பட்ட துணிகளில் பிசிறோடு விட்டுவைத்தது அது ஒன்றுதான், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன்.

அதை வெட்டி, தைத்து, உள்ளே தேங்காயும் வெற்றிலையும் ரவிக்கைத் துணியும் போட்டு ஸ்ரீரங்கத்து ஜனம் கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி, ஜானு, உன் மருமகளுக்கு என்ன கைவேலைடி என்று என் கஃபனைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. வேதவல்லி வந்து, என்னடி முகம் வெளுத்திருக்கு, மோர் குடிக்கிறயா என்றாள். வெயில் என்றேன். அவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பேரன் பூணூலில் இப்படி ஒரு துணியா என்று அவள் மருமகள் மயங்கி விழுவாள், நான்கு வீதியிலும் பேச்சாகும், அது மறுநாளே பாலக்கரைக்கு வரும், சுராயா காதுக்கு வரும். அந்தப் பையனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. யாரும் உடுத்தாத புதுத் துணி, ஜம்ஜமில் நனைந்த துணி. அவர்கள் வீட்டுக் கணக்கில் கங்கைத் தண்ணீர் போல என்று வைத்துக்கொள். ஆகவே மோரைக் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் அவளை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். எனக்கு வார்த்தைப் பஞ்சம் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும்.

வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னாங்க மாமி, பிடிச்சுதா என்றாள். லைனிங் துணி எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது, ஆனால் திருட்டு முழி இல்லை, பாராட்டப்போகிறேன் என்று நினைத்த முழி. உங்க பீரோ அடித்தட்டுல டப்பாவுல இருந்துச்சு மாமி, ஆஸ்பத்திரிக்குத் துண்டு எடுக்கப் போனப்ப பார்த்தேன், தலகாணி உறைக்கு வாங்கி மறந்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன், பேரு எதுவும் எழுதல, ஓரம்கூட அடிக்காம கிடந்துச்சு. கேட்டிருப்பேன், கேட்டா நீங்க சாதா துணியே போதும்னு சொல்லிருவீங்க, அப்புறம் உங்க பிரெண்டு வீட்ல உள்ள திருப்பிப் பார்த்தா நீங்கதானே தலகுனியணும், நல்ல துணியா போட்டா நீங்க ஒரு தடவையாவது நல்லாருக்குன்னு சொல்வீங்கன்னுதான் மாமி என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. அது என் கஃபன் என்ற ஒரு வாக்கியம் போதும். பிள்ளையை இழந்த பெண், அவளாக எழுந்து வந்து முதல் முதலாகப் பத்துப் பேருக்கு என்று செய்த காரியம், அதில் மாமியாரின் கஃபனை வெட்டிவிட்டாள் என்று தெரிந்தால் அதை அவள் எதோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். என் கையில் எது பட்டாலும் மௌத்தா மாமி என்று அந்தக் கட்டிலில் கிடந்தபோது என்னிடம் கேட்டவள் அவள். துணி நல்ல துணி, தையல்தான் மட்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் சொன்னதில் பாதியாவது நல்ல வார்த்தை என்று அவளுக்குச் சந்தோஷம்.

பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரு முழம்தான். கிராம்பைப் பொறுக்கி மறுபடி அதன் மேல் போட்டு வைத்தேன். மறுநாள் மத்தியானம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, வேதவல்லி வீட்டில் எனக்குக் கொடுத்த பையை எடுத்து வைத்துக்கொண்டு லைனிங்கைப் பிரித்தேன். ஊசியே வேண்டியிருக்கவில்லை, ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று ஒரு பக்கம் முழுக்கக் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு மட்டமான தையலை நான் கண்டதில்லை, தேங்காய் எப்படித் தாங்கியது என்று அந்த அல்லாஹ்வுக்கே வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தால் கதவருகே அவள். என்ன மாமி, பிரிச்சுட்டீங்களா என்கிறாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. வேறு வழி இல்லாமல் திட்டினேன். இழுத்தால் வருகிறதே, இதற்குப் பெயர் தையலா, முடிவில் திரும்ப ஒரு முறை ஓட்டிப் பூட்ட வேண்டும் என்றுகூடவா உன் பெலிண்டா சொல்லித்தரவில்லை, என் கைக்கு வந்த பையே இப்படி என்றால் மற்றவர்கள் பை எப்படி இருக்கும், மானம் போகிறது என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நான் திட்டுவது அவளுக்குப் பழக்கம், அதனால் சந்தேகம் வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, குடுங்க மாமி, சரியா தச்சுத் தரேன் என்று கையை நீட்டினாள். வேண்டாம், இந்தத் துணியை நீ தொட வேண்டாம், எனக்குக் கண்ணாடி துடைக்க வேண்டும் என்று மடித்து எடுத்துப் போய்விட்டேன். அதையும் பெட்டியில் வைத்தேன்.

வேதவல்லி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். அவள் நாத்தனார் வீட்டுச் சீமந்தத்துக்கும் பை வேண்டுமாம். உள்ளே என்ன துணிடி அது, கை வச்சா விட மனசு வரலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். வெளிநாட்டுத் துணி, இனிமேல் கிடைக்காது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆர்டரைச் சுராயா எடுத்துக்கொண்டுவிட்டாள், எடுக்காதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வீட்டில் கத்திரிக்கோல் இனி என் பொறுப்பு. துணிக்கடைக்கும் நானே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்ததாக என் கல்யாணப் புடவையில் குக்கர் பிடி தைத்துவிடுவாள். தினமும் காலையில் ஒரு பழந்துணியில் நேர்த்தையல் போட்டு என்னிடம் காட்ட வேண்டும், நான் திருப்பிப் பார்த்துச் சரி என்றால்தான் அன்றைக்கு மிஷின். இதுவரை ஒரு நாள் சரி என்றேன், அதுவும் எனக்கு ஜும்ஆவுக்கு முன்னால் குளிக்க வேண்டியிருந்ததால். பசைத் துப்பாக்கி எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். தேடட்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். நீ போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், இதப் பாருங்கம்மா, சுராயா குடுத்த பையைப் பூண்டு போட்டுக் கதவுல தொங்கவிட்டிருக்கேன், ரொம்ப வசதியா இருக்கு, ஆனா எத்தனை நாளானாலும் உள்ள ஒரு கிராம்பு வாசனை, அத்தா பீரோவைத் திறந்தாப்ல இருக்கு என்று சொன்னாய். பக்கத்தில் சுராயா, ஆமா லாத்தா, மாமியோட துணி என்று சிரிக்கிறாள். நான் என்ன பேச முடியும், சொல். வைத்துவிட்டேன். உன் அத்தா பீரோ வாசனை என்று தெரிந்த பெண்ணுக்குப் பூண்டு வைக்க வேறு பையா கிடைக்கவில்லை? நியூசிலாந்தில் கூடை விற்பதில்லையா?

கஃபனுக்கு எந்தச் சுத்தமான துணியும் போதும் என்று மார்க்கத்தில் இருக்கிறது, எனக்குப் புதிதாக வாங்க யாரும் ஓட வேண்டாம். பெரிய கடை வீதியில் நானே வாங்கிவிட்டேன், நெசவு பரவாயில்லை, ஜம்ஜம் கிடையாது. அத்தாவுடைய ஜோடி இல்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குறைக்குத்தான் பெட்டியில் உள்ள துண்டுகளை அதோடு வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் போனது போனதுதான், வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்க நான் என்ன பாத்திரக்காரியா. உன்னிடம் இருப்பது ஒன்றைத்தான் நான் கேட்க முடியும். அதைப் பார்சலில் அனுப்பாதே. தபால்காரன் கையிலும் கூரியர்காரன் கையிலும் அது சுற்ற வேண்டாம், இதுவரை சுற்றியது போதும். ஹாலித் திரும்பி வரும்போது கொடுத்துவிடலாம் என்றும் நினைக்காதே. அத்தா மௌத்துக்கு வந்தவள் அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை, லீவு இல்லை, டிக்கெட் இல்லை, மாப்பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று சொல்கிறாய், நானும் ஏன் என்று கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. நீயே கொண்டு வா என்று மட்டும் சொல்கிறேன். வருவதற்கு முன்னால் லைனிங்கைப் பிரித்துவிட்டுக் கொண்டு வா, தைத்த துணி எனக்கு ஆகாது. கஷ்டமாக இருக்காது. சுராயா தையல்தான், ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். வெளித்துணியை மட்டும் மறுபடி மூடித் தைத்து மாட்டிவை, அவள் போனில் பார்த்துக் கேட்பாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. சுராயாவிடம் பேசும்போது குரலில் எதையும் காட்டாதே, அவள் குரலில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறவள், தையலில் இருப்பதைத்தான் கண்டுபிடிக்க மாட்டாள். அவளுக்கும் நஸ்ருல்லாவுக்கும் நல்லபடியாக ஒரு பிள்ளை தங்க துஆச் செய், நானும் ஐந்து வேளையும் செய்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும் ஈமானும் தந்து, உன்னை நல்லபடியாக என் கண் தெரிகிற காலத்திலேயே இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

பூண்டை இன்றைக்கே எடுத்துவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
ஜஹானாரா கியாசுதீன்